வெளிநாட்டுக்குப் பார்சல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு நாலைந்து வீடுகளிலாவது பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். நான் அஞ்சலகக் கவுன்டரில் பல ஆண்டுகள் வெளிநாட்டுப் பார்சல்களைப் பதிவு செய்து ஓய்வு பெற்றவன். எனக்குத்தான் ஓய்வு, கேள்விகளுக்கு இல்லை. காலையில் செய்தித்தாளை விரிப்பதற்குள் யாராவது ஒரு அட்டைப் பெட்டியோடு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரே பதிலை நாற்பது பேருக்குச் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது.

கட்டண விவரம் இதில் இல்லை. அது அடிக்கடி மாறும். அஞ்சல் துறையின் இணையதளத்தில் எடையையும் நாட்டையும் கொடுத்தால் அன்றைய கட்டணம் தெரிந்துவிடும். மாறாத விஷயங்களையும், மாறினாலும் தெரிந்திருக்க வேண்டியவற்றையும் மட்டும் எழுதுகிறேன்.

சார், பையனுக்கு ஒரு பெட்டி அனுப்ப வேண்டும். தபாலா, கூரியரா, எது மலிவு?

எடை தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டு மூன்று கிலோ வரை பெரும்பாலும் தபால்தான் மலிவு. பத்து கிலோவைத் தாண்டினால் ஊரில் இருக்கும் கூரியர் முகவர்களிடமும் விலை கேட்டுப் பாருங்கள். அவர்கள் பெரிய நிறுவனங்களோடு மொத்தமாக ஒப்பந்தம் வைத்திருப்பதால், எடை கூடக்கூட கிலோவுக்கான விலை இறங்கும். இடையில் இருக்கும் எடைக்கு இரண்டு இடத்திலும் கேட்பதைத் தவிர வழியில்லை.

நேராகக் கூரியர் நிறுவனத்தின் கிளைக்குப் போய் ஒற்றைப் பெட்டியை அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. பாஸ்போர்ட், சான்றிதழ் போன்ற அவசர ஆவணங்களுக்கு அதைச் செய்யலாம். முறுக்குக்கு வேண்டாம்.

தபாலிலேயே பல வகை இருக்கிறதாமே?

மூன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். வெளிநாட்டு ஸ்பீடு போஸ்ட் வேகமானது. முதல் 250 கிராமுக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு 250 கிராமுக்கும் ஒரு கட்டணம். விமானப் பார்சல் சற்று மெதுவானது, 20 கிலோ வரை எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது, சிறு பொட்டலங்களுக்கான தடமறியும் சேவை. ஒரு புடவை, இரண்டு புத்தகம், ஒரு பாக்கெட் காபித்தூள் என்ற அளவுக்கு இதுதான் கைக்கு அடக்கமானது. எல்லா நாட்டுக்கும் கிடையாது என்பதால் கவுன்டரில் கேளுங்கள்.

எதில் அனுப்பினாலும் அடையாள அட்டையின் நகலையும் கைப்பேசி எண்ணையும் கொண்டு போங்கள்.

முகவர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறார், ஊறுகாயைக்கூட அவரே கட்டித் தருகிறார். நம்பலாமா?

நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பெட்டியைக் கொடுக்கும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எந்த நிறுவனத்தின் வழியாகப் போகிறது, அந்த நிறுவனத்தின் தட எண்ணையே தருவாரா? எடை எப்படிக் கணக்கிடப்படும்? அங்கே வரி வந்தால் யார் கட்டுவது? சுங்கப் படிவத்தில் என்ன எழுதப் போகிறார்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். நீங்கள் கொடுத்தது பட்டுப்புடவை. அவர் எழுதுவது 'பழைய துணி, ஐந்து டாலர்' என்றால், பிடிபடும்போது மாட்டுவது உங்கள் பெயரும் உங்கள் மகன் பெயரும்தான். எழுதிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தயங்குகிறவரிடம் பெட்டியைக் கொடுக்க வேண்டாம்.

பெட்டி மூன்று கிலோதான் இருக்கிறது. எட்டு கிலோவுக்குப் பணம் கேட்கிறார்களே, இது என்ன நியாயம்?

இது பருமன் எடை. விமானத்தில் எடையைப் போலவே இடத்துக்கும் விலை உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது கூரியர் நிறுவனங்களின் வழக்கம். 40க்கு 40க்கு 25 என்றால் 40,000. வகுத்தால் எட்டு கிலோ. உண்மை எடை, பருமன் எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பணம்.

அப்பளம், வடகம், பொரி, பஞ்சுத் தலையணை, பொம்மை இவையெல்லாம் இந்தக் கணக்கில் உங்களைக் கவிழ்த்துவிடும். பெட்டி வாங்கிவிட்டுப் பொருளைத் தேடாதீர்கள். பொருளை அடுக்கி அளந்துவிட்டு, அதற்கேற்ற பெட்டியைத் தேடுங்கள்.

எடையைக் குறைக்க ஏதாவது வழி இருக்கிறதா?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு அம்மா கொண்டுவந்த பெட்டி, தராசில் 4 கிலோ 280 கிராம் காட்டியது. 250 கிராம் படிகளில் கணக்கு என்பதால் 4 கிலோ 500க்குக் கட்டணம். உள்ளே என்ன என்று கேட்டேன். அதிரசத்தை எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தார். கவுன்டரிலேயே பெட்டியைப் பிரித்து, அதிரசத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் பைக்கு மாற்றினோம். டப்பா மட்டும் 210 கிராம்! எடை 4 கிலோ 70 ஆனது. கட்டணத்தில் ஒரு படி இறங்கியது. இன்னும் 70 கிராம் குறைத்தால் அடுத்த படியும் இறங்குமே, அந்தத் தினசரி காலண்டரை எடுத்துவிடலாமா என்றேன். பதில் சொல்லாமல் பணத்தை நீட்டினார். காலண்டர் போனது.

வீட்டிலேயே சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டும் டேப்புக்கும் ஒட்டும் தாளுக்கும் சேர்த்து ஐம்பது கிராமாவது மிச்சம் விடுங்கள்.

முன்பு போல வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு முத்திரை வைக்க வேண்டுமா?

வேண்டாம். அந்தக் காலத்தில் அஞ்சலக வாசலில் கோணி ஊசியோடு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால் எனக்கும் ஏக்கம்தான். ஆனால் இப்போது கெட்டியான அட்டைப் பெட்டி போதும். மளிகைக் கடையில் சும்மா கிடைக்கும் பெட்டியும் சரிதான். அதன் மேலிருக்கும் பழைய முகவரி, பட்டைக் கோடு, மதுபானப் பெயர் எதுவும் தெரியாமல் பழுப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். கவுன்டருக்கு வரும்போது மேல் பக்கத்தை முழுவதும் ஒட்டாதீர்கள். திறந்து காட்டச் சொல்லலாம்.

உள்ளே எதுவும் அசையக் கூடாது. பெட்டியை ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. இடைவெளியை நிரப்ப, அனுப்பப்போகும் துண்டு, வேட்டி, பனியன் இவற்றையே சுருட்டி வையுங்கள். செய்தித்தாளுக்கும் எடை உண்டு, அதற்கும் காசு கொடுக்கிறீர்கள். பொரி, வைக்கோல், உமி வைத்து நிரப்பக் கூடாது. பூச்சி வரும் என்று பல நாடுகள் பெட்டியோடு நிறுத்திவிடும்.

முகவரியைத் தமிழில் எழுதினால் போகாதா?

சிங்கப்பூரில்கூடப் போவது சந்தேகம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள். கடைசி வரியில் நாட்டின் பெயர். அமெரிக்கா, கனடா என்றால் அடுக்குமாடி எண்ணை விட்டுவிடாதீர்கள். திரும்பி வந்த பெட்டிகளில் இந்தக் குறையைத்தான் அதிகம் பார்த்தேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் அஞ்சல் பெட்டி எண்ணைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். பெறுகிறவரின் அந்த நாட்டு கைப்பேசி எண் கட்டாயம். முகவரியை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு உள்ளேயும் ஒன்று போட்டுவையுங்கள். மேலே ஒட்டியது கிழிந்தால் அதுதான் காப்பாற்றும்.

சுங்கப் படிவத்தில் என்னதான் எழுத வேண்டும்?

சிறு பொட்டலங்களுக்குச் சிஎன் 22, பெரிய பார்சல்களுக்குச் சிஎன் 23 என்ற படிவம். பெர்ன் நகரிலிருந்து இயங்கும் உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் அதே படிவம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி: பொருள் என்ன, எத்தனை, நிகர எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு, எந்த நாட்டில் செய்யப்பட்டது. பிறகு அன்பளிப்பா, விற்பனையா, ஆவணமா, மாதிரிப் பொருளா என்று கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறு இலக்கச் சரக்கு எண் ஒன்றையும் கேட்பார்கள். பயப்பட வேண்டாம். உலகம் முழுவதும் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பொது எண் அது. அச்சிட்ட புத்தகம் 490199, பருத்தி பனியன் 610910. உங்கள் பொருளுக்கு உரியதைக் கவுன்டரில் தேடிச் சொல்வார்கள்.

படிவத்தின் விவரங்கள் இப்போது கணினி வழியாகப் பெட்டிக்கு முன்பே அந்த நாட்டுக்குப் போய்விடுகின்றன. சுங்க அதிகாரி பெட்டியைப் பார்க்கும் முன் நீங்கள் எழுதியதைப் படித்திருப்பார். பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்பது பாதிக்குமேல் அந்தப் படிப்பிலேயே முடிவாகிவிடும்.

'தின்பண்டம்', 'துணிமணி' என்று எழுதினால் போதாதா?

போதாது. இந்தப் பாடத்தை நான் கற்றது பக்கத்து வீட்டுக்காரர் செலவில். அவர் 'உணவுப் பொருட்கள்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்; வரிசை நீளமாக இருந்தது; நானும் அப்படியே பதிவு செய்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது, பிரிக்கப்பட்டு, வேறொரு நாட்டு டேப்பால் ஒட்டப்பட்டு. உள்ளே தட்டை தூளாகியிருந்தது. அதற்குப் பிறகு வரிசை எவ்வளவு நீண்டாலும் அப்படி வாங்கியதில்லை.

முறுக்கு என்று மட்டும் எழுதினாலும் அங்கே இருப்பவருக்குப் புரியாது. 'எண்ணெயில் பொரித்த அரிசிமாவுத் தின்பண்டம், 500 கிராம்' என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் எழுதுங்கள். துணி என்றால் யாருக்கு, எந்த நூல், எத்தனை: 'பெண்கள் பருத்திப் புடவை, 2'. விபூதி என்றால் 'பூஜைக்கான சாம்பல்', கடை முத்திரையுள்ள பாக்கெட்.

மதிப்பு என்று எவ்வளவு போடுவது? கொஞ்சம் குறைத்துப் போட்டால் என்ன?

கடையில் வாங்கியதென்றால் ரசீதில் உள்ள விலை. ரசீதின் நகல் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் செய்ததென்றால் அதேபோன்ற பண்டம் கடையில் என்ன விலையோ அது. பழைய துணி என்றால் இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அது. 'மதிப்பில்லை' என்றோ பூஜ்யம் என்றோ எழுதினால் அதிகாரி தானாக ஒரு மதிப்புப் போடுவார். அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

குறைத்துப் போடுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பெட்டி தொலைந்தால் நீங்கள் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. எட்டாயிரம் ரூபாய்ப் புடவையை எண்ணூறு என்று எழுதிவிட்டு, பிறகு கவுன்டரில் வந்து கண்ணீர் விட்டவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

எவ்வளவு வரை வரி இல்லாமல் போகும்?

நாட்டுக்கு நாடு வேறு. தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் அன்பளிப்புக்குப் பிரிட்டனில் 39 பவுண்டு வரை வரியில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 45 யூரோ. கனடாவில் 60 கனடிய டாலர். சிங்கப்பூரில் தபாலில் வரும் அன்பளிப்புக்கு 400 சிங்கப்பூர் டாலர் வரை ஜிஎஸ்டி இல்லை. ஆஸ்திரேலியா தாராளம்: 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை எல்லையில் வரி கேட்பதில்லை, மதுவும் புகையிலையும் தவிர. ஆனால் தின்பண்டத்தில் அவர்களைப் போலக் கறாரானவர்கள் கிடையாது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஒருவர் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் மதிப்பு வரை அன்பளிப்பாக அனுப்பலாம். யாரும் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை வரியில்லை என்றார்களே?

அது பழைய கதை. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. அந்தச் சமயத்தில் நம் அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களைச் சில வாரங்கள் வாங்கவே இல்லை. அக்டோபரில் திரும்பத் தொடங்கியபோது, வரியை அனுப்புகிறவரிடமே முன்கூட்டி வசூலிக்கும் முறையோடு தொடங்கியது. மற்ற நாடுகளில் வரி கட்டுவது பெறுகிறவர். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது உங்கள் பணப்பையையும் திறக்க வேண்டியிருக்கும்.

100 டாலர் வரையான உண்மையான அன்பளிப்புக்கு விலக்கு தொடர்ந்தது. வரி விகிதம் அரசியலோடு சேர்ந்து ஆடுவதால், பதிவு செய்யும் நாளன்று கேட்டுக்கொள்ளுங்கள். போன மாதம் அனுப்பிய மைத்துனர் சொன்னதை நம்பிப் பணம் எடுத்து வராதீர்கள்.

பேரன், பேத்தி, மருமகள் மூவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. விலக்கு ஒருவருக்கு மட்டும்தானா?

இது நல்ல கேள்வி, பலருக்குத் தோன்றுவதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒரே பெட்டிக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சுற்றி, பெயர் எழுதி, படிவத்திலும் தனித்தனியாகக் காட்டினால் ஆளுக்கு ஆள் விலக்கு உண்டு. ஒரே குவியலாகப் போட்டுவிட்டு 'மூவருக்கு' என்று எழுதினால் செல்லாது.

எதிர்மாறான தந்திரமும் செல்லாது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் மூன்று பெட்டியாகப் பிரித்து அனுப்பினால், அமெரிக்கச் சுங்கம் ஒரு நாளில் ஒருவருக்கு வந்தது எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடும்.

மகளே பணம் அனுப்பிப் புடவை வாங்கி அனுப்பச் சொன்னாள். அம்மா அனுப்புவதால் அன்பளிப்புதானே?

பாசத்தில் அன்பளிப்பு, சட்டத்தில் இல்லை. பெறுகிறவர் நேராகவோ சுற்றிவளைத்தோ விலை கொடுத்திருந்தால் அது அன்பளிப்பு ஆகாது. பிரிட்டன் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. கடையில் மகள் பெயரில் ரசீது போட்டு, அதையே பெட்டியில் வைத்து, அன்பளிப்பு என்று குறியிட்டவர்களும் உண்டு. அதிகாரிக்கு அதைவிட எளிதான வேலை வேறென்ன?

வீட்டில் செய்த முறுக்கு, அதிரசம், பால்கோவா, ஊறுகாய் எல்லாம் போகுமா?

உலர்ந்ததாகவும் எண்ணெயில் செய்ததாகவும் இருந்தால் பெரும்பாலான நாடுகளுக்குப் போகும். அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. வெளியிலிருந்து வரும் உணவுக்கு அவர்களுடைய உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒருவர் தன் வீட்டில் தானே செய்து தனிப்பட்ட அன்பளிப்பாக அனுப்பும் பண்டத்துக்கு அந்த முன்னறிவிப்பு தேவையில்லை. ஆகவே வீட்டில் செய்ததென்றால் அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

பால் சேர்ந்தாலே சிக்கல். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் தனி ஆள் அனுப்பும் பால் பொருள், இறைச்சிப் பொருளைத் தடுக்கின்றன. நெய்யும் அதில் அடங்கும். ஆஸ்திரேலியாவில் நம் ஊர்ப் பால் இனிப்புகளுக்கு இடமே இல்லை. பால்கோவாவை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.

ஊறுகாய் சட்டத்தில் தப்பித்தாலும் எண்ணெயில் மாட்டும். விமானத்தில் அழுத்தம் மாறும்போது மூடி கசியும். முழுதாக நிரப்பாமல் மேலே இரண்டு விரல் இடம் விட்டு, மூடியின் வாயில் பிளாஸ்டிக் தாள் விரித்து மூடி, இரண்டு பைகளில் கட்டி, நடுவில் துணி சுற்றுங்கள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று பொடி வகைக்கு மாறிக்கொள்வது நிம்மதி.

நம் ஊர் அரிசி, பச்சைக் கறிவேப்பிலை, கசகசா?

மூன்றிலும் கண்ணி இருக்கிறது. தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு உள்ள நாடுகளிலிருந்து தனி ஆள் அனுப்பும் அரிசியையும் கொண்டைக்கடலையையும் அமெரிக்கா தபாலில் அனுமதிப்பதில்லை. இந்தியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. அங்கே கடையில் நம் பொன்னி அரிசி கிடைக்கிறதே என்பீர்கள். அது புகையூட்டிச் சான்றிதழோடு கப்பலில் போனது. உங்கள் இரண்டு கிலோ அப்படியில்லை.

பச்சைக் கறிவேப்பிலையில் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி தொற்றியிருக்கலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் தடுக்கின்றன. வெற்றிலை உட்பட எந்தப் பச்சை இலையையும், விதையையும், மண் ஒட்டிய எதையும் அனுப்பாதீர்கள்.

கசகசா எல்லாவற்றிலும் ஆபத்தானது. அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. சிறைக்கே போனவர்கள் உண்டு. சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா சேர்த்திருந்தால் அந்தப் பொடியையும் வளைகுடாவுக்கு அனுப்ப வேண்டாம்.

பூஜை சாமான்கள்? விபூதி, கற்பூரம், மயிலிறகு?

விபூதியும் குங்குமமும் கடைப் பாக்கெட்டில், பெயர் தெரியும்படி. பெயரில்லாத பையில் வெள்ளைப் பொடி என்றால் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள்; விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தீப்பெட்டி, பட்டாசு, மத்தாப்பு, வாசனைத் தெளிப்பான், நகப்பூச்சு, தனியாக வைக்கும் லித்தியம் பேட்டரி எல்லாம் இதே கணக்கு.

மயிலிறகு கீழே விழுந்து பொறுக்கியதே ஆனாலும் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பத் தடை. சந்தனக் கட்டைக்கும் கட்டுப்பாடு உண்டு.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம் அனுப்பலாமா? பாட்டி காலத்துச் சிலை?

புதிய விளக்கைத் தாராளமாக அனுப்பலாம், எடைதான் உங்கள் எதிரி. பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றுங்கள்; அன்னத்தின் மூக்கு வளைந்துபோய்ச் சேர்ந்த விளக்குகளைப் பார்த்திருக்கிறேன். கடை ரசீதைக் கட்டாயம் வையுங்கள். ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டம் இல்லாமல் அனுப்பி, அங்கே சட்டமிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாட்டி காலத்துப் பொருளென்றால் நில்லுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை, விளக்கு, ஓவியம் போன்றவற்றைத் தனி ஆள் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டு. புதிதாகச் செய்ததே பழையது போலத் தோன்றினாலும், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கச் சொல்வார்கள்.

அங்கே டாக்டரைப் பார்ப்பது கஷ்டமாம். மாத்திரை அனுப்பலாமா?

முடிந்தவரை வேண்டாம். அவசியமென்றால் மருத்துவர் சீட்டு, கடை ரசீது, மாத்திரை தன் அட்டையிலேயே இருக்க வேண்டும். அந்த நாடு அனுமதிக்கிறதா என்பதைப் பெறுகிறவர் முதலில் விசாரிக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரைகளை வளைகுடாவுக்கு அனுப்புவது கசகசாவைவிடப் பெரிய வம்பு.

தட எண்ணைப் போட்டுப் பார்த்தால் பத்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. தொலைந்துவிட்டதா?

அநேகமாக இல்லை. அந்த 13 எழுத்துகளைப் பாருங்கள்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசி இரண்டு எழுத்து இந்தியாவைக் குறிக்கும். 'இ' என்று தொடங்கினால் ஸ்பீடு போஸ்ட், 'சி' என்றால் பார்சல். இதே எண் அந்த நாட்டு அஞ்சல் துறையின் தளத்திலும் வேலை செய்யும். விமானம் ஏறிவிட்ட பெட்டியைப் பற்றி நம் தளத்தைவிட அந்தத் தளமே விரைவில் சொல்லும்.

'சுங்கத்தில் உள்ளது' என்று நின்றால், பெறுகிறவரிடம் ஏதாவது கேட்டுக் கடிதமோ செய்தியோ வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எதுவுமே இல்லையென்றால் பதிவு ரசீதோடு அனுப்பிய அஞ்சலகத்தில் விசாரணை கொடுக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. ஆறு மாதம் கழித்து வந்து கேட்டால் கதவு மூடியிருக்கும்.

'உங்கள் பார்சலுக்கு வரி பாக்கி, இந்த இணைப்பில் கட்டுங்கள்' என்று செய்தி வந்தது. கட்டலாமா?

அந்த இணைப்பைத் தொடாதீர்கள். உண்மையிலேயே வரி இருந்தால், முன்சொன்னபடி தட எண்ணை அந்த நாட்டு அஞ்சல் தளத்தில் போட்டுப் பார்த்தால் தெரியும், அங்கிருந்தே கட்டலாம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, காவல்துறை அதிகாரி பேசுகிறேன், வீடியோ அழைப்பை வைக்காதே என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. எந்தக் காவல்துறையும் எந்தச் சுங்கமும் அப்படி விசாரிப்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள்.

கொடுக்க முடியாமல் போனால் பெட்டி திரும்பி வருமா?

நீங்கள் படிவத்தில் சொன்னபடி. திருப்பி அனுப்பு, அல்லது கைவிட்டுவிடு என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. திரும்பி வந்தால் அதற்கும் கட்டணம் கேட்கலாம். உள்ளே தட்டையும் பொடியும்தான் என்றால் கைவிடுவதே லாபம். புடவை, விளக்கு என்றால் திரும்ப வரட்டும்.

நான் செய்யும் பொடிக்கு வெளிநாட்டில் கேட்கிறார்கள். அன்பளிப்பு என்று போட்டு விற்கலாமா?

கூடாது. விற்பனை என்றால் ஏற்றுமதி. அதற்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். இணையத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் வாங்கலாம். உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். அஞ்சல் துறை இதற்கென்றே 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்களைப் பல அஞ்சலகங்களில் வைத்திருக்கிறது. ஏற்றுமதிப் பட்டியலை அங்கேயே கணினியில் பதிவு செய்து தருவார்கள். இரண்டு முறை போனால் பழகிவிடும்.

தீபாவளிக்குப் போய்ச் சேர எப்போது அனுப்ப வேண்டும்?

ஸ்பீடு போஸ்டானால் ஒரு மாதம் முன்பு, விமானப் பார்சலானால் ஆறு வாரம் முன்பு. கடைசி இரண்டு வாரத்தில் எல்லோரும் பெட்டியோடு வருவார்கள், விமானத்தில் இடமிருக்காது. துணியை முதலில் அனுப்பிவிட்டு பட்சணத்தைப் பின்னால் தனியாக அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பட்சணத்தில் சுங்கம் கை வைத்தாலும் பண்டிகைத் துணியாவது போய்ச் சேரும். கட்டணம் சற்றுக் கூடும்தான். என் வீட்டிலும் அப்படித்தான் அனுப்புகிறோம்.